தையல் பிரித்த பிறகு

மதுரையில் எங்கள் தெருமுனையில் ஒரு தையல் கடை. எட்டுக்குப் பத்து இருக்கும். இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேஜை, ஆணியில் தொங்கும் இன்ச் டேப். தீபாவளிக்கு இருபத்தைந்து நாள் இருக்கும்போது கடைக்காரர் பைக்கில் வந்தவர், ரோட்டில் கிடந்த மணலில் சறுக்கி விழுந்தார். வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. எதிரே வண்டி எதுவும் வரவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

பெரியாஸ்பத்திரியில் ராடு வைத்தார்கள். நன்றாகவே பார்த்தார்கள். சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. அதற்கு முன்பே, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை மருத்துவச் செலவை ஏற்கும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தார்கள். ‘நாலு மாசத்துக்கு இந்தக் கால்ல மிதிக்கக் கூடாது’ என்று சொல்லி அனுப்பினார் டாக்டர்.

தையல் மெஷினுக்கு மோட்டார் போட்டாலும் போடாவிட்டாலும் அதை ஓட்டுவது கால்தான்.

“ஆஸ்பத்திரியில ஒரு பைசா செலவில்லண்ணே. வீட்டுக்கு வந்த பிறகுதான் செலவே ஆரம்பிச்சுது” என்றார் அவர். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

அவருடைய மச்சினன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்பதால் இஎஸ்ஐ உண்டு. அவர் பங்குக்குச் சம்பளத்தில் முக்கால் சதவீதம் பிடிக்கிறார்கள், முதலாளி மூன்றேகால் சதவீதம் போடுகிறார். அவருக்கு இப்படிக் கால் முறிந்திருந்தால், வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் வீடு தேடி வந்திருக்கும். காசநோய், புற்றுநோய் போன்ற நீண்ட நோய் என்றால் 80 சதவீதம், இரண்டு ஆண்டு வரை. ஊசியும் நூலும் இருவர் கையிலும் ஒன்றுதான். ஒருவர் கம்பெனிக்குத் தைக்கிறார், இன்னொருவர் தெருவுக்குத் தைக்கிறார். தெருவுக்குத் தைப்பவருக்கு இஎஸ்ஐயில் இடமில்லை.

மற்ற வழிகளையும் பார்த்துவிடலாம் என்று அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு காகிதமாகப் பிரித்தோம். பைக் இன்ஷூரன்ஸில் ஓட்டுபவருக்கென்று 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு இருந்தது. ஆனால் அது உயிர் போனாலோ உறுப்பு நிரந்தரமாகப் பழுதானாலோதான். பேங்கில் வருடத்துக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் விபத்துக் காப்பீடும் அப்படியே. கால் போனால் பணம் உண்டு. கால் ஒட்டிக்கொண்டால் கிடையாது. தையல் தொழிலாளர் நல வாரிய அட்டை இருந்தது, புதுப்பிக்காமல் இருந்தது. புதுப்பித்திருந்தாலும் பிள்ளைகள் படிப்புக்கு, கல்யாணத்துக்கு, அறுபதுக்குப் பிறகு ஓய்வூதியத்துக்கு உதவியிருக்கும். படுத்திருக்கும் மாதங்களுக்கு அதில் வழியில்லை. எதிரே ஒரு வண்டி வந்து, தப்பு அதன் மேல் இருந்திருந்தால், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வருமான இழப்பையும் கேட்டிருக்கலாம். மணல் மேல் யார் கேஸ் போடுவது?

கேஸ் போட முடிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. சொந்தத் தொழில் செய்பவரிடம் ‘வருமானத்துக்கு ஆதாரம் எங்கே’ என்றுதான் முதலில் கேட்பார்கள். காலை இழந்த ஒரு காய்கறி வியாபாரியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014-இல், அவரிடம் போய் மாத வருமானச் சான்று கேட்பதில் பொருளில்லை என்று சொல்லி, மாதம் 6,500 ரூபாய் என்று தானே கணக்கு வைத்தது. நல்ல தீர்ப்பு. ஆனாலும் உச்ச நீதிமன்றம் வரை போகத் தெம்பு வேண்டும். இன்று கடையில் மாட்டியிருக்கும் க்யூஆர் அட்டை வழியாக வரும் பணம் பேங்க் கணக்கில் தினமும் பதிவாகிறதே, அதைவிட நல்ல சாட்சி கிடையாது. அந்தக் கணக்கு உங்கள் பேரிலேயே இருக்கட்டும்.

இனி அவர் எப்படிச் சமாளித்தார் என்பது. நல்ல மாதத்தில் 20,000 வரை கைக்கு வரும் மனிதர். கடை வாடகை 4,500, வீட்டு வாடகை 6,000, ஸ்கூல் வேன், சீட்டு, பால். ரேஷன் அரிசி விலையில்லாமல் வந்தது. மனைவிக்கு மகளிர் உரிமைத் தொகை 1,000 வந்தது. ரிவ்யூவுக்கு ஒவ்வொரு முறையும் ஆட்டோ பிடிக்க வேண்டும், பஸ்ஸில் ஏற முடியாது. முதல் மாதம் மனைவியின் வளையல் அடகுக்குப் போனது. இரண்டாம் மாதம் சீட்டைத் தள்ளி எடுத்தார். அவசரத்தில் எடுப்பவருக்கு எப்போதும் கழிவு அதிகம். மூன்றாம் மாதம் மனைவி பேரில் குழுக் கடன். நான்காம் மாதம் தண்டல்.

தண்டல் தெரியாதவர்களுக்கு: பத்தாயிரம் என்று பேர், கையில் 8,500 தருவார்கள், தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். தினமும் கல்லாவில் காசு விழுபவருக்காக உண்டான கடன் அது. கல்லாவில் பாதிக் காசுகூட விழாதவர் அதை வாங்கினால் கட்டுவது எதிலிருந்து? இன்னொரு தண்டலிலிருந்துதான். நான் பார்த்த வரையில், நீண்ட நாள் படுத்த குடும்பங்களைச் சாய்ப்பது அந்தக் கடைசிக் கடன்தான், நோயில்லை.

அவரிடம் பிறகு நான் கேட்டதும், அவரே யோசித்து வருத்தப்பட்டதும் ஒன்று உண்டு. கடைக்குக் கொடுத்த அட்வான்ஸ் 50,000 ரூபாய் ஓனரிடம் சும்மா கிடந்தது. ‘நாலு மாச வாடகையை அதுல கழிச்சுக்குங்க, கடை திறந்ததும் நிரப்பிடறேன்’ என்று முதல் வாரமே கேட்டிருந்தால் ஓனர் ஒப்புக்கொண்டிருப்பார். கேட்கக் கூச்சம். சீட்டுக்காரரிடம், பேங்கில், ஸ்கூலில் முதல் தவணை தவறுவதற்கு முன்பே போய்ச் சொல்பவருக்குக் கிடைக்கும் மரியாதை, மூன்று தவணை தவறிய பிறகு சொல்பவருக்குக் கிடைக்காது. எல்ஐசி பாலிசி ஒன்றைச் சரண்டர் செய்துவிட்டார். அதன் மேல் கடன் வாங்கியிருந்தால் பாலிசி பிழைத்திருக்கும்.

ஒரு காரியத்தை மட்டும் அழகாகச் செய்தார். பழங்காநத்தத்தில் இருந்த பழைய சிஷ்யப் பையனை வரவழைத்து, அளவு நோட்டைக் கையில் கொடுத்து, மெஷினில் உட்கார வைத்தார். கூலி பாதிக்குப் பாதி. கட்டிலில் காலை நீட்டியபடி இவர் துணி வெட்டித் தருவார், மனைவி ஹெம்மிங்கும் கொக்கியும் பார்ப்பார். தையல்காரனுக்குச் சொத்து மெஷின் இல்லை, அந்த அளவு நோட்டு. இருநூறு குடும்பங்களின் தோளும் இடுப்பும் அதில் இருக்கின்றன. கடை அத்தனை மாதமும் இருட்டாகக் கிடந்திருந்தால் அந்த நோட்டு பழைய பேப்பர்தான். அப்படியும் தீபாவளித் துணி கொடுத்தவர்களில் பாதிப் பேர் வந்து துணியைத் திருப்பி வாங்கிப் போனார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, பண்டிகை காத்திருக்காது.

காப்பீடு எடுக்க நினைப்பவர்கள் ஏஜெண்டிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ‘வீட்டில் படுத்திருக்கும் நாளுக்குக் காசு வருமா?’ ஹாஸ்பிடல் கேஷ் என்று விற்பது ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கும் நாளுக்கு மட்டும். கிரிட்டிகல் இல்னஸ் பாலிசி, பட்டியலில் உள்ள பெரிய நோய் வந்தால் மொத்தமாகத் தரும். எடுத்த முதல் 90 நாளுக்குள் வந்தால் பொதுவாகத் தராது. நம் தையல்காரருக்குப் பொருந்தியிருக்கக் கூடியது, தற்காலிக முழு இயலாமைக்கும் சேர்த்து எடுக்கும் தனிநபர் விபத்துப் பாலிசி. பெரும்பாலும் காப்பீட்டுத் தொகையில் வாரம் ஒரு சதவீதம், ஓர் உச்சவரம்புக்குள் தருவார்கள். அந்தச் சேர்க்கையைக் கேட்டு வாங்க வேண்டும், தானாக வராது. விபத்துக்கு மட்டும்தான், நோய்க்கு இல்லை என்பதையும் மறக்கக் கூடாது.

நோய்க்கு என்ன செய்வது? இங்கேதான் அரசு வர வேண்டும் என்று நினைக்கிறேன். காசநோயாளிக்கு மத்திய அரசு மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்தது, 2024 நவம்பர் முதல் 1,000. சத்துணவுக்கு என்று பேர். ஆறு மாதம் மருந்து சாப்பிடுபவரின் வீட்டில் அந்த ஆயிரத்துக்கு எத்தனை வாய் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆந்திரத்தில் 2019 டிசம்பரில் ‘ஆரோக்கிய ஆசரா’ என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். அரசுக் காப்பீட்டில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவருக்கு, டாக்டர் எழுதித் தரும் ஓய்வு நாட்களுக்கு நாளொன்றுக்கு 225 ரூபாய், மாதம் 5,000 வரை. டிஸ்சார்ஜ் சீட்டில் ‘ஓய்வு’ என்று எழுதுவது ஒரு மருந்துச் சீட்டு போலத்தான். வாங்கப் பணமில்லாதவருக்கு அதை எழுதி என்ன பயன் என்று அங்கே யாரோ யோசித்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டுக்கு இந்த யோசனை புதிதில்லை. முத்துலட்சுமி ரெட்டி பேரில் 1987 முதல் கர்ப்பிணிகளுக்கு உதவித்தொகை தருகிறோம். இன்று அது 18,000 ரூபாய். பிள்ளை பெற்றவள் வேலைக்குப் போக முடியாது, அவள் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பதை இந்த மாநிலம் அப்போதே ஒப்புக்கொண்டது. கால் முறிந்த தையல்காரருக்கும் நெஞ்சு அறுத்துத் தைத்த டீக்கடைக்காரருக்கும் அதே நியாயம்தான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் சிகிச்சைக்கு ஒதுக்கும் 5 லட்சத்தோடு, ஓய்வுக்கு மாதம் 5,000 வீதம் நான்கு மாதம் என்று 20,000 ரூபாயைச் சேர்த்தால் போதும். எங்கள் தெருக்காரருக்கு அந்தப் பணம் வந்திருந்தால் கடை வாடகை போய் மிச்சம் இருந்திருக்கும். தண்டல்காரர் படியேறியிருக்க மாட்டார்.

தண்டலுக்குப் பயந்துதான் அவர் டாக்டர் சொன்ன நாளுக்கு மூன்று வாரம் முன்பே ஊன்றுகோலோடு வந்து மெஷினில் உட்கார்ந்தார். எலும்பு கூடுவது தாமதமாகிறது என்று அடுத்த ரிவ்யூவில் சொல்லிவிட்டார்கள். இப்போது இடது காலால் மிதித்துப் பழகுகிறார்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு கடை பாதி ஷட்டரோடு நிற்கலாம். கொடுத்த துணியைத் திருப்பி வாங்கப் போகிறவர்கள், அடுத்த துணிக்கான கூலியை முன்பணமாக அங்கே வைத்துவிட்டு வாருங்கள்.