மாதவிடாய் நின்றுபோன அந்த மாதங்கள்

2009 வைகாசியில் முகாமுக்குள் வந்தபோது எனக்கு 18 வயது. தை மாதத்துக்குப் பிறகு மாதவிடாய் வரவில்லை. பதுங்குகுழியில் இருந்தவரை அது வராததே நிம்மதி; துணிக்கும் தண்ணீருக்கும் எங்கே போவது? முகாமிலும் இரண்டு மாதம் கழிந்த பிறகுதான் பயம் பிடித்தது. பக்கத்துக் கூடாரத்து அக்காவுக்கும் அதே நிலைமை. "குண்டுப் புகை கர்ப்பப்பையைப் பழுதாக்கிப்போட்டுது" என்று என் காதுக்குள் சொன்னார். நான் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. கலியாணமாகாத பிள்ளைக்கு மாதவிடாய் வரவில்லையென்றால் சனம் வேறு கதை கதைக்கும்.

பழுது கர்ப்பப்பையில் இல்லை என்பது பல வருடங்களுக்குப் பிறகே எனக்கு விளங்கியது. மாதவிடாய் மூளையில் தொடங்குகிறது. மூளையின் அடியிலுள்ள பரிவகக்கீழ் என்ற சிறு பகுதி, விட்டுவிட்டு ஒரு ஓமோனைச் சுரந்து கபச்சுரப்பியைத் தூண்டுகிறது. கபச்சுரப்பி எஃப்.எஸ்.எச், எல்.எச் என்ற இரு ஓமோன்களைச் சூலகத்துக்கு அனுப்புகிறது. அங்கே முட்டை முதிர்கிறது. அப்போது சுரக்கும் ஈஸ்திரஜன் கருப்பையின் உட்சுவரைத் தடிப்பாக்குகிறது. ஈஸ்திரஜன் உச்சத்துக்குப் போனதும் எல்.எச் திடீரென உயரும். அதிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை நாளில் முட்டை வெளிவரும். முட்டை இருந்த இடம் மஞ்சட்சடலமாக மாறி புரொஜெஸ்தரோனைச் சுரக்கும். கரு தங்காவிட்டால் சுமார் இரண்டு வாரத்தில் அது சுருங்கிவிடும், ஓமோன்கள் இறங்கும், உட்சுவர் இரத்தத்தோடு கழியும். 'தீட்டு' என்று நாங்கள் ஒதுக்கிவைப்பது இதைத்தான்.

வளர்ந்த பெண்ணுக்கு இந்தச் சுற்று 21 முதல் 35 நாட்கள் வரை இருக்கலாம். பிந்துவது பெரும்பாலும் முட்டை வெளிவருவதற்கு முந்திய பாதிதான்.

பட்டினி, உடல் மெலிவு, ஓயாத பயம் எல்லாம் சேரும்போது பரிவகக்கீழின் தூண்டல் மந்தமாகிவிடுகிறது. முட்டை முதிராது, மாதவிடாயும் வராது. கஞ்சியை மட்டும் குடித்துக்கொண்டு ஷெல்லுக்குள் ஓடிய எங்களுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கவேண்டும். சாப்பாடும் நித்திரையும் திரும்பினால் பெரும்பாலும் இதுவும் திரும்பும். எனக்கு ஐப்பசியில் வந்தது. அந்த அக்காவுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள்.

ஆனால் எல்லாவற்றையும் மனக்கவலையின் தலையில் போடவும் கூடாது. கர்ப்பம், தைரொயிட் கோளாறு, சூலகக் கட்டிகள் என்று வேறு காரணங்களும் உண்டு. ஈஸ்திரஜன் நீண்டகாலம் குறைந்திருந்தால் எலும்பும் பலவீனமாகும். மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டால் வைத்தியரிடம் போங்கள். நேரே போகக் கூச்சமென்றால் உங்கள் பகுதிக் குடும்பநல மருத்துவ மாதுவிடம் முதலில் கதையுங்கள்.

அம்மாவுக்குப் போன வருடம்தான் இதைச் சொன்னேன். "எனக்கும் அப்ப நின்டதுதான் பிள்ளை, வயசு போட்டுதெண்டு நினைச்சன்" என்றார். அப்போது அவருக்கு 39.