தூக்கிக்கொள்ளும் மூக்கு

கரும்பு டிராக்டர்களில் சுமை எவ்வளவு என்பதை எல்லோரும் கேட்கிறார்கள். அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

அரவைப் பருவம் தொடங்கிவிட்டால் மேற்கு உத்தரப் பிரதேசத்துச் சாலைகளில் கரும்புக்குத்தான் முதல் மரியாதை. டிராலி என்று அங்கே அழைக்கப்படும் டிரெய்லர்களில், பக்கவாட்டிலும் பின்னாலும் பிதுங்கும் அளவுக்குக் கரும்பை அடுக்கிக்கொண்டு டிராக்டர்கள் சர்க்கரை ஆலைகளை நோக்கி ஊர்கின்றன. பாலத்தின் ஏற்றம் வந்ததும் சில டிராக்டர்களின் மூக்கு மெல்லத் தூக்கிக்கொள்கிறது. முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்ப, ஓட்டுநரின் கையிலிருக்கும் ஸ்டியரிங் வெறும் அலங்காரப் பொருளாகிவிடுகிறது. ஓரமாக நிற்பவர்களுக்கு இது வேடிக்கை. எதிரே மோட்டார் சைக்கிளில் வருபவருக்கு அப்படி இல்லை.

குற்றவாளி கொக்கி. ஒற்றை அச்சு டிராலி தானாக நிற்காது; அதன் முன்பக்க பாரம் டிராக்டரின் கொக்கியில்தான் உட்கார வேண்டும். ஓரளவு பாரம் நல்லதும்கூட. பின்சக்கரங்களை அழுத்தி, பிடிமானம் தருகிறது. ஆனால் கொக்கி இருப்பது பின் அச்சுக்கும் பின்னால். சீசாப் பலகையைப் போல, பின்முனையை அழுத்தினால் முன்முனை எழும்பும்.

ஒரு எளிய கணக்கு: 2,000 கிலோ எடையுள்ள டிராக்டரில் முன்சக்கரங்கள் தாங்குவது 700 கிலோ என்று வைத்துக்கொள்வோம். முன், பின் அச்சுகளுக்கு இடையே 2 மீட்டர் தூரம். பின் அச்சிலிருந்து 60 செ.மீ. தள்ளிக் கொக்கி. கொக்கியில் 1,000 கிலோ இறங்கினால் முன்சக்கரங்களில் 300 கிலோ குறைந்து, 400 கிலோ மிஞ்சும். இதுதான் எல்லை. டிராக்டர் எடையில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்காவது முன்சக்கரங்களில் இருந்தால்தான் ஸ்டியரிங்கை நம்பலாம் என்பது பொறியாளர்களின் பொது விதி. கொக்கியில் 2,000 கிலோ ஏறினால் மிஞ்சுவது வெறும் 100 கிலோ. ஒரு சிறு ஏற்றம் அதையும் விழுங்கிவிடும்.

அமெரிக்காவில் வீட்டு டிரெய்லர்களைக் காரில் இழுத்துச் செல்பவர்களுக்கும் இதே தலைவலி உண்டு. அவர்கள் கண்ட வைத்தியம், எடையைப் பங்கிடும் கொக்கி. கொக்கியிலிருந்து டிரெய்லரின் சட்டத்துக்கு இரண்டு வில் கம்பிகள் போகின்றன. அவற்றை இறுக்கினால், கொக்கியில் இறங்கிய பாரத்தின் ஒரு பகுதி காரின் முன் அச்சுக்கும் இன்னொரு பகுதி டிரெய்லரின் அச்சுக்கும் போய்ச் சேர்கிறது. சரிபார்ப்பதும் சுலபம். டிரெய்லரை மாட்டுவதற்கு முன் காரின் முன் மட்கார்டு உயரத்தை அளக்கிறார்கள். மாட்டியபின் அது எவ்வளவு எழும்பியது என்று பார்த்து, எழும்பியதில் பாதியாவது இறங்கும்வரை கம்பிகளை இறுக்குகிறார்கள்.

வயலில் மேடு பள்ளம் ஏறி இறங்கும் டிராக்டருக்கு அந்தக் கம்பிகள் ஒத்துவராது. ஆனால் முன்சக்கரத்துக்குரிய பாரத்தைத் திருப்பித் தருவது என்ற தத்துவம் ஒத்துவரும். டிராக்டரின் முன்னால் மாட்டும் இரும்பு எடைகள் அதற்காகவே இருப்பவை. முன் அச்சைத் தாண்டித் தொங்குவதால் அவை தம் எடைக்கும் சற்று அதிகமாகவே வேலை செய்கின்றன. எடைக்குப் பதிலாக ஆளையே பம்பரில் உட்காரவைப்பது தற்கொலைக்குச் சமம்.

கொக்கி தாழ்வாக இருப்பதும் முக்கியம். பின் அச்சைவிட உயரமான இடத்தில் மாட்டி இழுத்தால் டிராக்டர் பின்பக்கமாகக் குப்புறக் கவிழலாம். கரும்பை முன்பக்கமே குவித்தால் மூக்கு தூக்கும். பயந்து பின்பக்கம் தள்ளினால் கொக்கி மேலே இழுபடும். பின்சக்கரங்கள் பிடிமானம் இழக்க, டிராலி வாலாட்டத் தொடங்கும்.

விவசாயிக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் ஒவ்வொரு நடைக்கும் டீசல் செலவு. ஆலை வாசலில் நீண்ட வரிசை. வெட்டிய கரும்பு காயக் காய எடை குறையும். இரண்டு நடையை ஒன்றாக்கத்தான் மனம் சொல்லும். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் அதிக சுமைக்கு ரூ 20,000 அபராதமும், கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் ரூ 2,000ம் விதிக்கிறது. சட்டமும் மொத்த எடையைத்தான் பார்க்கிறது.

டிராலியில் கரும்பு மட்டுமா போகிறது? 2022 அக்டோபர் 1 அன்று கான்பூர் மாவட்டத்தில் கோயிலிலிருந்து திரும்பிய டிராலி ஒன்று குளத்தில் கவிழ்ந்ததில் 26 பேர் இறந்தார்கள். ஆட்களை ஏற்ற டிராலியைப் பயன்படுத்த வேண்டாம் என்று மாநில அரசு அதன்பிறகு கேட்டுக்கொண்டது. உட்கார்ந்தும் எழுந்தும் இடம் மாறும் மனிதர்களைவிட மோசமான சுமை டிராலிக்கு இல்லை.

தீர்வுக்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. ஒவ்வொரு சர்க்கரை ஆலையிலும் எடைமேடை இருக்கிறது. கரும்புக்குப் பணம் தர, ஒவ்வொரு டிராலியும் அதில் ஏறித்தான் ஆக வேண்டும். பருவத்தின் தொடக்கத்தில் ஒரு முறை, டிராலி மாட்டிய நிலையில் டிராக்டரின் முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி நிறுத்தினால் போதும். ஸ்டியரிங்குக்கு எத்தனை கிலோ மிச்சம் என்று தெரிந்துவிடும். இரண்டு நிமிட வேலை. அதற்குத் தேவையான மேடை ஏற்கெனவே கட்டப்பட்டுவிட்டது.