மாதாவுக்குக் கோபுரம்; மகளுக்குக் கதவடைப்பா?

கன்னியாகுமரிக் கடற்கரையிலே அலங்கார உபகார மாதாவுக்கு வானளாவும் ஆலயம்! தாயைத் தலைமேல் வைத்துப் போற்றும் மண், நம் நாஞ்சில் மண். ஆனால் தோழர்களே, அங்கே பாவசங்கீர்த்தனம் கேட்க அமர்ந்திருப்பவர் யார்? ஆண்! என்றென்றும் ஆண்!

ஏன் என்று கேட்கிறோம். காதுக்கா தடை? இல்லை. கன்னியாஸ்திரீகள் குறை கேட்கலாம், ஆறுதல் கூறலாம். பாவமன்னிப்பு வழங்கும் அதிகாரம் மட்டும் குருவுக்கே என்கிறது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம். குருப்பட்டமோ ஆணுக்கே! இயேசு தேர்ந்த பன்னிருவரும் ஆடவராம். ஆகவே, பெண்ணுக்குப் பட்டமளிக்கத் திருச்சபைக்கே அதிகாரமில்லையாம். 1994-இல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான்பால் அறிவித்தார்.

பன்னிருவரும் யூதர்களே! கோட்டாற்றுக் குருமார் யூதர்களா? உயிர்த்தெழுந்த செய்தியைச் சீடருக்குச் சொல்ல மகதலா மரியாள் போதும். மன்னிப்பைச் சொல்ல மட்டும் பெண் ஆகாதா?

அதே இயேசுவை வணங்கும் தென்னிந்தியத் திருச்சபை, 2013-இல் புஷ்பலலிதா அம்மையாரை நந்தியால் பேராயராக்கிற்றே! வானம் இடிந்தா விழுந்தது?

குமரிப் பகவதி கோயிலிலும் கதை இதுதான்: தேவி பெண், பூசை செய்பவர் ஆண்!

வலைகட்டும் தாய், பெற்றவளிடமும் சொல்லக் கூசுவதை ஓர் ஆணிடமே சொல்லியாக வேண்டும். நம்பிக்கையை நாம் பழிக்கவில்லை, நீதி கேட்கிறோம். மண்டியிடும் உரிமை பெண்ணுக்கு உண்டு. மன்னிக்கும் உரிமை என்று?