கார் ஏ.சி. கம்ப்ரஸரை வீட்டிலேயே மாற்றலாமா?

சித்திரை வெயிலில் குடும்பத்தோடு காரில் கிளம்புகிறோம். ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் ஏ.சி.யிலிருந்து சூடான காற்று வர ஆரம்பிக்கிறது. பின் இருக்கையில் பிள்ளைகள் வியர்த்து அழுகிறார்கள், வயதான பெற்றோருக்கு மூச்சு வாங்குகிறது. மறுநாள் மெக்கானிக் பார்த்துவிட்டு "கம்ப்ரஸர் போச்சுங்க" என்கிறார். கம்ப்ரஸர், கேஸ், கூலி என்று அவர் சொல்லும் தொகையைக் கேட்டதும் நமக்குத் தலை சுற்றுகிறது. அப்போதுதான் "வீடியோவைப் பார்த்து நாமே மாற்றிவிட்டால் என்ன?" என்ற எண்ணம் வருகிறது.

இந்த வேலையில் பாதியை நாம் செய்யலாம், பாதியை நாம் தொடவே கூடாது. எந்தப் பாதி எது என்று தெரியாமல் இறங்கினால் மிச்சம் பிடிக்க நினைத்த பணத்தைப் போல இரு மடங்கு செலவாகும். கண்ணுக்கும் கைக்கும் கூட ஆபத்து வரலாம்.

கம்ப்ரஸர் என்ன செய்கிறது?

ஏ.சி. குளிரை உற்பத்தி செய்வதில்லை. காருக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. அந்த வெப்பத்தைச் சுமந்து செல்வதுதான் கேஸ். என்ஜின் பெல்ட்டில் சுழலும் கம்ப்ரஸர், கேஸை அழுத்திச் சூடாக்கி முன்பக்கம் உள்ள கண்டென்ஸருக்கு அனுப்புகிறது. அங்கே அது காற்றில் வெப்பத்தை விட்டுத் திரவமாகிறது. பிறகு ட்ரையர் வழியாகச் சென்று, எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறு துவாரத்தில் அழுத்தம் குறைந்து, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஆவியாகிறது. ஆவியாகும்போது காருக்குள் உள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு மீண்டும் கம்ப்ரஸருக்கே வருகிறது.

இந்தச் சுற்றில் கேஸோடு சேர்ந்து ஆயிலும் ஓடுகிறது. கம்ப்ரஸருக்கு உயவு கொடுப்பது அந்த ஆயில்தான். எனவே கேஸ் லீக்கானால் ஆயிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். "கேஸ் மட்டும் அடித்தால் போதும்" என்று ஆண்டுதோறும் லீக்கைச் சரிசெய்யாமல் ஓட்டுபவர்களின் கம்ப்ரஸர் கடைசியில் ஜாம் ஆவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

குறை கம்ப்ரஸரில்தானா?

ஏ.சி. குளிரவில்லை என்றாலே கம்ப்ரஸர் போய்விட்டது என்று அர்த்தமில்லை. கேஸ் குறைந்தால் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரஸரை ஓடவிடாமல் நிறுத்திவிடும். ஃப்யூஸ் அல்லது ரிலே போயிருக்கலாம். கண்டென்ஸர் ஃபேன் ஓடாமல் இருக்கலாம். இவற்றை முதலில் பார்த்துவிட வேண்டும்.

ஏ.சி.யைப் போட்டதும் புல்லியின் முன்னே இருக்கும் கிளட்ச் தட்டு "டக்" என்று ஒட்டிக்கொண்டு சுழல வேண்டும். ஒட்டவில்லை என்றால் கிளட்ச் காயிலுக்கு 12 வோல்ட் வருகிறதா என்று மல்டிமீட்டரில் பார்க்கலாம். மின்சாரம் வந்தும் ஒட்டவில்லை என்றால் காயிலின் ஓம் அளவைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான கார்களில் 3 முதல் 4 ஓம் வரை காட்டும். காயில் மட்டும் போயிருந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அதேபோல, ஏ.சி.யை அணைத்த பிறகும் கரகரவென்று சத்தம் வந்தால் புல்லி பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். இதற்கும் முழு கம்ப்ரஸர் தேவைப்படாது.

கிளட்ச் ஒட்டியதும் உள்ளே உலோகச் சத்தம் கேட்பது, கையால் சுழற்ற முடியாமல் இறுகிப்போவது, ஷாஃப்ட் பக்கம் ஆயில் வழிந்திருப்பது, ஓடும்போதும் கேஜின் இரண்டு முள்களும் கிட்டத்தட்ட ஒரே அளவில் நிற்பது ஆகியவை கம்ப்ரஸரே கெட்டதற்கான அடையாளங்கள்.

எங்களுக்குக் கிடைத்த பாடம்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுக் காரில் கம்ப்ரஸர் ஜாம் ஆனது. செலவைக் குறைக்க நினைத்து, கம்ப்ரஸரை மட்டும் மாற்றினோம். பழைய ட்ரையரும் எக்ஸ்பான்ஷன் வால்வும் அப்படியே இருந்தன. முதல் மாதம் ஏ.சி. நன்றாகக் குளிர்ந்தது. மூன்றாவது மாதம் புது கம்ப்ரஸரும் ஜாம் ஆகிவிட்டது. பிரித்துப் பார்த்தபோது ஆயில் கறுத்துப்போய், வெள்ளித் தூள் போல உலோகத் துகள்கள் மின்னின. பழைய கம்ப்ரஸர் தேய்ந்தபோது உதிர்ந்த துகள்கள் கண்டென்ஸரிலும் குழாய்களிலும் தங்கியிருந்து புதியதையும் அரித்துவிட்டன.

எனவே ஆயில் கறுப்பாகவோ மின்னும் துகள்களோடோ இருந்தால் ட்ரையரையும் வால்வையும் கட்டாயம் மாற்ற வேண்டும். குழாய்களைக் கழுவிச் சுத்தம் செய்யலாம். ஆனால் இன்றைய கார்களின் கண்டென்ஸரில் உள்ள பாதைகள் மிக நுண்ணியவை, அவற்றைக் கழுவிச் சரிசெய்ய முடியாது. கண்டென்ஸரையும் மாற்றுவதுதான் வழி. ஆயில் சுத்தமாக இருந்தாலும், குழாயைத் திறந்த பிறகு புது ட்ரையர் போடுவதே முறை.

கேஸை நாம் திறந்துவிடக் கூடாது

நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான கார்களில் இருப்பது ஆர்-134ஏ கேஸ். அதன் கொதிநிலை மைனஸ் 26 டிகிரி. அழுத்தத்தில் இருக்கும் குழாயைக் கழற்றினால் பீறிட்டு வந்து தோலை உறைய வைத்துவிடும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அது காற்றை விடக் கனமானது என்பதால் மூடிய ஷெட்டில் தரையோடு தங்கி மூச்சடைக்கச் செய்யும். நெருப்பில் பட்டால் நச்சு வாயுவாக மாறும்.

நம் பிள்ளைகளுக்கும் இதில் பங்கு உண்டு. பழைய ஆர்-12 கேஸ் ஓசோன் படலத்தை அரித்ததால்தான் 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு அது கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆனால் ஒரு கிலோ ஆர்-134ஏ, சுமார் 1,400 கிலோ கரியமில வாயு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். ஆகவே கேஸை உறிஞ்சிச் சேமிக்கும் இயந்திரம் உள்ள ஏ.சி. கடைக்குச் சென்று, அங்கேயே கேஸை எடுத்துவிட்டு, ஏ.சி.யைப் போடாமல் காரை வீட்டுக்கு ஓட்டி வர வேண்டும்.

இரண்டு வகைக் கார்களை வீட்டில் தொட வேண்டாம். ஹைபிரிட், மின்சாரக் கார்களின் கம்ப்ரஸர் உயர் அழுத்த மின்சாரத்தில் ஓடுவது. ஆரஞ்சு நிற ஒயர்களைப் பார்த்தாலே விலகிவிட வேண்டும். கிளட்ச் இல்லாமல் எப்போதும் சுழலும் வகைக் கம்ப்ரஸரையும் கடைக்காரரிடமே விட்டுவிடலாம்.

நாம் செய்யக்கூடிய பாதி

என்ஜின் ஆறிய பிறகு பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்ற வேண்டும். பெல்ட் எந்த புல்லி வழியாகச் செல்கிறது என்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, டென்ஷனரைத் தளர்த்தி பெல்ட்டைக் கழற்ற வேண்டும். பல கார்களில் கம்ப்ரஸர் கீழே இருக்கும். காரைத் தூக்கினால் ஸ்டாண்டு வைத்த பிறகே அடியில் செல்ல வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி ஒருபோதும் படுக்கக் கூடாது.

கண்ணாடியும் கையுறையும் அணிந்து, ஒயர் கனெக்டரைப் பிரித்து, இரண்டு குழாய்களின் போல்ட்டையும் மெதுவாகத் தளர்த்த வேண்டும். மிச்சமிருக்கும் அழுத்தம் இப்போது வெளியேறும். குழாய் வாய்களை உடனே சுத்தமான மூடியால் அடைக்க வேண்டும். கம்ப்ரஸர் சில கிலோ எடை இருக்கும் என்பதால் ஒருவர் தாங்கிப் பிடிக்க, மற்றவர் போல்ட்டுகளைக் கழற்றுவது நல்லது.

ஆயில் அளவில்தான் பலர் தவறுகிறார்கள். பழைய கம்ப்ரஸரில் இருக்கும் ஆயிலை அளவுக் குவளையில் வடிக்க வேண்டும். உதாரணமாக அதில் 60 மி.லி. வந்து, புதியதில் 120 மி.லி. இருந்தால், புதியதிலும் 60 மி.லி. அளவுக்குக் குறைக்க வேண்டும். ட்ரையர், கண்டென்ஸர் மாற்றினால் அவற்றுக்கு எவ்வளவு கூட்டுவது என்பது சர்வீஸ் கையேட்டில் இருக்கும். பழையதில் மிகக் குறைவாக வந்தால் லீக்கில் ஆயில் போயிருக்கிறது என்று பொருள், அப்போது கையேட்டு அளவையே பின்பற்ற வேண்டும். ஆயில் குறைந்தால் கம்ப்ரஸர் தேயும், கூடினால் குளிர் குறையும். கம்ப்ரஸர் லேபிளில் எழுதியுள்ள வகை ஆயிலைத் தவிர வேறெதையும், குறிப்பாக என்ஜின் ஆயிலை, ஊற்றக் கூடாது. இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டப்பாவைத் திறந்து வைக்க வேண்டாம்.

புது ஓ-ரிங்குகளில் அதே ஆயிலைத் தடவிப் பொருத்த வேண்டும். கம்ப்ரஸரை மாட்டிய பின், கிளட்ச் தட்டைக் கையால் பத்துப் பதினைந்து முறை சுழற்ற வேண்டும். உள்ளே தேங்கிய ஆயில் முதல் ஓட்டத்திலேயே வால்வை உடைக்காமல் இது காக்கும். அலுமினிய இழைகள் எளிதில் தேயும். போல்ட்டுகளைக் கையால் தொடங்கி, கையேட்டில் சொன்ன அளவுக்கே இறுக்க வேண்டும். ட்ரையரின் மூடியைக் கடைசியில்தான் திறக்க வேண்டும்.

மீதிப் பாதி கடையில்

இப்போது காரை மீண்டும் கடைக்குக் கொண்டு செல்ல வேண்டும். வேக்குவம் பம்ப் குறைந்தது 30 முதல் 45 நிமிடம் ஓட வேண்டும். உள்ளே ஈரம் தங்கினால் அது வால்வில் பனிக்கட்டியாகி அடைக்கும். ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி உலோகத்தையும் அரிக்கும். பம்பை நிறுத்திய பிறகு கேஜ் முள் ஏறாமல் நிற்கிறதா என்று நாம் பக்கத்தில் நின்று பார்க்கலாம். ஏறினால் லீக் இருக்கிறது.

கேஸை எடை போட்டே ஏற்றச் சொல்லுங்கள். எவ்வளவு, எந்த வகை என்பது பானெட்டின் அடியில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் இருக்கும். குளிர் போதவில்லை என்று அதிகமாக ஏற்றினால் அழுத்தம் கூடி கம்ப்ரஸருக்கே கேடு.

மலிவான கேஸ் என்றால் உஷாராக இருக்க வேண்டும். எல்.பி.ஜி. போன்ற எரியும் வாயு கலந்த கேஸிலும் ஏ.சி. நன்றாகவே குளிரும். ஆனால் கூலிங் காயில் நாம் உட்காரும் இடத்துக்கு முன்னாலேயே இருக்கிறது. அங்கே லீக்கானால் வாயு காருக்குள் நிரம்பும், ஒரு தீப்பொறி போதும். சில நூறு ரூபாய்க்காகக் குடும்பத்தை அந்தக் காரில் ஏற்ற முடியுமா?

சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய கம்ப்ரஸரும் கிடைக்கும். வாங்குவதென்றால் குழாய் வாய்கள் மூடியிருக்கின்றனவா, ஆயில் தெளிவாக இருக்கிறதா, கையால் சீராகச் சுழல்கிறதா என்று பார்த்து, பில்லோடு வாங்க வேண்டும். வாய் திறந்தபடி தூசியில் கிடந்ததை வாங்கினால் எங்கள் மூன்று மாதக் கதை உங்களுக்கும் நடக்கும்.

கழற்றி மாட்டும் கூலி நமக்கு மிச்சமாகும். கேஸ் எடுப்பது, வேக்குவம், கேஸ் ஏற்றுவது ஆகிய மூன்றுக்கும் கொடுக்கும் பணத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம். வேலை முடிந்ததும் முதல் பத்து நிமிடம் என்ஜினை ரேஸ் செய்யாமல் ஐடிலில் ஏ.சி.யை ஓடவிடுங்கள். குளிர்ந்த காற்று சீராக வருகிறதா என்று பார்த்த பிறகு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பலாம்.