குதிரையும் லாமாவும் மேயும் இடத்தில் கோழி வளர்ப்பு

கோழிகளைக் குதிரை, லாமா, மாடு, ஆடுகளோடு ஒரே இடத்தில் வளர்ப்பது அமெரிக்க, ஐரோப்பியச் சிறு பண்ணைகளில் சாதாரண வழக்கம். பெரிய விலங்குகள் புல்லை மேயும். கோழிகள் அவற்றின் சாணத்தைக் கிளறும். ஒன்றின் இரைக்கு இன்னொன்று போட்டியில்லை. மேய்ச்சல் நிலம் பொதுவாக இருப்பதால் பெரிய தொல்லை வருவதில்லை. தீவனமும் கூரையும் பொதுவாகும்போதுதான் விலங்குகள் சாகின்றன.

கோழியால் கிடைக்கும் முதல் பலன் ஈக்கள் குறைவது. வர்ஜீனியா மாநிலத்தில் ஜோயல் சாலட்டின் நடத்தும் பாலிஃபேஸ் பண்ணை இதற்குப் பேர்போனது. மாடுகள் மேய்ந்துவிட்டுப் போன மூன்று நான்கு நாட்கள் கழித்து, சக்கரம் பொருத்திய கோழிக்கூண்டை அதே இடத்துக்கு இழுத்து வருகிறார்கள். அந்த இடைவெளிக்குக் காரணம் உண்டு. வெயில் காலத்தில் ஈயின் முட்டை ஈயாகிப் பறக்க ஏழிலிருந்து பத்து நாட்கள் ஆகும். நான்காம் நாளில் சாணத்துக்குள் புழு நன்றாகக் கொழுத்திருக்கும். கோழி இரண்டு காலாலும் மாறி மாறிக் கிளறிவிட்டு, ஓரடி பின்வாங்கி, தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்த்து, புழுவைக் கொத்தும்.

குதிரை லத்தியில் செரிக்காத தானியமும் கிடைக்கும். லாமாக்கள் எல்லாம் ஒரே இடத்தில் போய்ப் புழுக்கை போடும் பழக்கம் உள்ளவை; கோழிகளுக்கு அலைச்சல் மிச்சம். மாட்டின் மடியிலும் காலிடுக்கிலும் ஒட்டிய உண்ணியைக் கோழி கொத்தித் தின்பதைத் தமிழகத் தொழுவங்களிலும் பார்க்கலாம்.

குடற்புழு விஷயத்தில் மட்டும் பருவம் பார்க்க வேண்டும். குதிரையின் குடற்புழு கோழியைப் பற்றாது. கோழி பரப்பிய சாணம் வெயிலில் காய்ந்தால் அதிலுள்ள இளம்புழுக்கள் சாகும். ஈரமும் குளிருமான நாட்களில் அவை புல்வெளி முழுக்கப் பரவிவிடும். குடற்புழு மருந்து கொடுத்த சில நாட்களுக்குச் சாணத்தில் மருந்து கலந்து வரும் என்பதால், முட்டைக்கோழிகளை அந்தப் பக்கம் விடாமல் இருப்பது நல்லது.

லாமாவைக் காவலுக்கென்றே வளர்ப்பவர்கள் வட அமெரிக்காவில் நிறையப் பேர். 130 கிலோவுக்குக் குறையாத இந்த விலங்கு, நாய் இனத்தைக் கண்டாலே கத்தி, துரத்தி, உதைக்கும். கொயோட் என்ற சிறு ஓநாயை விரட்டக் காயடித்த ஒற்றை ஆண் லாமா போதும். இரண்டு மூன்று சேர்ந்தால் தங்களுக்குள்ளேயே கூட்டாகி, மற்ற விலங்குகளைக் கவனிக்காது. ஆனால் பருந்தையும் இரவில் வரும் ரக்கூன் என்ற சிறு விலங்கையும் லாமா தடுக்காது. கோழிகள் இருட்டுவதற்குள் தாழ்ப்பாளுள்ள கூண்டில் அடைந்தாக வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது தீவன மூட்டை. கோழிகளுக்கு ரத்தக் கழிச்சல் வராமலிருக்கச் சில தீவனங்களில் மொனென்சின் என்ற மருந்தைக் கலக்கிறார்கள். உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 200 மில்லிகிராம் வரை கோழி தாங்கும். குதிரை 2, 3 மில்லிகிராமிலேயே சாகும். 450 கிலோ குதிரைக்கு ஒரு கிராம் போதும். டன்னுக்கு 100 முதல் 120 கிராம் வரை கலப்பது வழக்கம் என்பதால், பத்துக் கிலோ தீவனத்தில் அந்த ஒரு கிராம் இருக்கிறது. அதைவிடக் குறைவாகத் தின்றாலும் இதயத் தசை கெடும். பிழைத்ததாக நினைத்த குதிரை மாதங்கள் கழித்து ஓடும்போது விழுந்து சாவதுண்டு. இதற்கு மாற்று மருந்து கிடையாது. இதே வகையைச் சேர்ந்த சாலினோமைசின், லாமா இனத்துக்கும் எமன்.

மருந்தே கலக்காத கோழித் தீவனமும் அதிகம் தின்றால் கேடுதான். குதிரைக்குக் கடும் வயிற்றுவலியும் குளம்பு அழற்சியும் வரும். ஆடு, மாடு, லாமாவின் இரைப்பையில் அமிலம் ஏறும். கோழி மட்டும் நுழையும் அளவு சின்ன வாசல் வைத்த வேலிக்குள் இரை போட்டு, மூட்டையைப் பூட்டிய அறையில் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

கோழிகளை லாயத்து உத்தரத்தில் அடைய விடக்கூடாது. எச்சம் உலர்புல்லிலும் தண்ணீர்த் தொட்டியிலும் விழுந்து சால்மொனெல்லா கிருமியைப் பரப்பும். கோழியின் ரத்தம் குடிக்கும் செந்நிறச் செள், இரவில் குதிரை மேலும் ஏறி அரிப்பு உண்டாக்கும். செத்த கோழி வைக்கோலுக்குள் கிடந்து அழுகினால் பாட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கும் நஞ்சு உருவாகலாம். குதிரைக்கு அதைத் தாங்கும் சக்தி மிகக் குறைவு.

பறவைக் காய்ச்சல் புதிதாகச் சேர்ந்த கவலை. 2024 மார்ச்சில் அமெரிக்காவில் கறவை மாடுகளுக்கு எச்5என்1 வகைப் பறவைக் காய்ச்சல் உறுதியானது. அதே ஆண்டு மே மாதம் ஐடஹோ மாநிலத்தில், நோய் கண்ட கோழிகள் இருந்த பண்ணையிலேயே லாமாவின் நெருங்கிய உறவான அல்பாக்காக்களுக்கும் தொற்றியது தெரியவந்தது. கோழிகள் அடுத்தடுத்துச் சாகத் தொடங்கினால் மற்ற விலங்குகளை உடனே தள்ளிக் கட்டுங்கள். கால்நடை மருத்துவரிடம் அவையும் அங்கே இருப்பதை மறக்காமல் சொல்லுங்கள்.