கைக்கு ஒரே கணக்குதான்: ரயில் மாடலிங்கை ஏன் விட்டேன்?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை மாற்றாமல், படிக்க வசதியாகச் சற்றே சுருக்கித் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு ரெண்டு விஷயம் பேசப் போறோம். ஒண்ணு, கம்ப்யூட்டர்ல ரயில் செய்யுற பொழுதுபோக்கு. இன்னொண்ணு ஆர்.எஸ்.ஐ., அதாவது ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யுறதால கைக்கு வர்ற பாதிப்பு. இந்த ரெண்டாவதால முதலாவதை நான் விட வேண்டியதாச்சு. உடம்புக்குள்ள என்ன நடந்துச்சு, உங்க கைக்கு இதுல என்ன சேதி இருக்குன்னு பார்ப்போம். நான் டாக்டர் இல்ல, நோயாளி. அதை மனசுல வச்சுக்கிட்டுக் கேளுங்க.

மவுஸால ஒரு ரயில் பாதை

2001-ல மைக்ரோசாஃப்ட் டிரெயின் சிமுலேட்டர்னு ஒரு கேம் வந்துச்சு. அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரியா, ஜப்பான்னு மொத்தம் ஆறு ரூட். இந்திய ரூட் ஒண்ணுகூட இல்ல. ஆனா எஞ்சின், பெட்டி, ரூட் எல்லாத்தையும் நாமளே செஞ்சு அதுல சேர்க்கலாம். அதனால இந்திய ரயில் ரசிகர்கள் தாங்களே செய்ய உட்கார்ந்தாங்க. பின்னாடி வந்த ஓப்பன் ரெயில்ஸ்ங்கிற இலவச மென்பொருளும் அதே ஃபைல்களைப் படிக்கும். அதனால அந்த வேலை இன்னைக்கும் நடக்குது.

நான் எடுத்துக்கிட்டது சென்னை கடற்கரை – தாம்பரம் மீட்டர் கேஜ் பாதை. 1931-லயே மின்சார ரயில் ஓடின பாதை அது. தண்டவாளங்களுக்கு நடுவுல இடைவெளி சரியா 1 மீட்டர். இப்போ அதே வழியில 1,676 மில்லிமீட்டர் பிராட் கேஜ்தான். பழைய ரயிலை இனிமே ஏறிப் பார்க்க முடியாது. போட்டோவும் ஞாபகமும்தான் மிச்சம். அதை ஓட்டிப் பார்க்கிற மாதிரி திரும்பச் செய்யணும், அதுதான் ஆசை.

இதுல கை என்ன வேலை செய்யுதுன்னு கவனிங்க. பெட்டியை பிளெண்டர்ல செய்யுறோம். மாடலைச் சுத்திப் பார்க்க மவுஸோட நடு பட்டனை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே நகர்த்தணும். ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுக்க ஒரு கிளிக். நகர்த்த ஒரு கீ, உறுதிப்படுத்த இன்னொரு கிளிக். பிடிக்கலன்னா கன்ட்ரோல் இசட். ஜன்னல் கம்பி, கதவுக் கைப்பிடி, போகி, மேல பான்டோகிராஃப்னு எல்லாமே இப்படித்தான். அப்புறம் ரூட் எடிட்டர்ல தண்டவாளம், கம்பம், சிக்னல், பிளாட்ஃபார்ம், மரம்னு ஒவ்வொண்ணா நட்டு, திருப்பி, உயரம் சரிபார்க்கணும். ஒரு சாயங்காலத்துல ஆயிரக்கணக்கான கிளிக் சாதாரணமாப் போயிடும். எதுலயும் பாரம் இல்ல. ஆனா கை ஓயவே ஓயாது.

பாரமே இல்லாம எப்படி அடிபடுது?

முதல்ல ஒண்ணு தெளிவாகணும். ஆர்.எஸ்.ஐ. ஒரு தனி நோயோட பெயர் இல்ல, ஒரு குடைச்சொல். அதுக்குக் கீழ பல பிரச்சினைகள் வரும்.

உதாரணத்துக்கு, மணிக்கட்டுல கார்பல் டனல்னு ஒரு குறுகலான வழி இருக்கு. அதுக்குள்ள 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் போகுது. அங்க வீங்கினா நரம்பு நசுங்கும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல்ல பாதி, இதெல்லாம் மரத்துப் போகும். சுண்டுவிரலுக்கு வேற நரம்பு, அதனால அது பெரும்பாலும் தப்பிச்சிடும். ராத்திரி தூக்கத்துல எழுந்து கையை உதறுறவங்க இருப்பாங்க, கேளுங்க. இன்னொண்ணு, கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டுல வர்ற வலி. 1895-ல இதை விவரிச்ச ஸ்விஸ் மருத்துவர் பெயரால இதுக்கு டி கெர்வேன் நோய்னு பெயர்.

எனக்கு வந்தது முழங்கைக்குக் கீழ, கையோட மேல்பக்கத் தசைகள்ல. மவுஸ் பட்டனை அழுத்துறது மட்டும் வேலை இல்ல. அழுத்தாம விரலைப் பட்டனுக்கு மேல லேசாத் தூக்கிப் பிடிச்சிருக்கோமே, அதுவும் வேலைதான். வெறுங்கையைப் பக்கவாட்டுல நீட்டிப் பத்து நிமிஷம் அப்படியே வச்சிருந்து பாருங்க, புரியும்.

இதுக்கு சிண்டரெல்லா கருதுகோள்னு ஒரு விளக்கம் சொல்றாங்க. ஒரு தசையில நிறைய நார்க் கூட்டங்கள் இருக்கு. லேசான வேலைக்கு எப்பவும் சின்னக் கூட்டம்தான் முதல்ல எழுந்திருக்கும். பெரிய பாரம் வந்தாத்தான் மத்ததெல்லாம் துணைக்கு வரும். கடைசியா ஓய்வுக்குப் போறதும் அந்தச் சின்னக் கூட்டமே. வீட்டுல முதல்ல எழுந்து கடைசியாப் படுக்குற ஆளு மாதிரி. மவுஸ் வேலை ரொம்ப லேசானதுங்கிறதாலதான், அதே நார்களே மணிக்கணக்கா மாட்டிக்குது. இது கருதுகோள்தான், முடிவான தீர்ப்பு இல்ல. ஆனா பளு தூக்காமயே கை எப்படிக் களைக்குதுன்னு இதால விளங்குது.

இது கம்ப்யூட்டரோட வந்த வியாதியும் இல்ல. 1700-ல ராமஸ்ஸினிங்கிற இத்தாலிய மருத்துவர், தொழிலாளர்களோட நோய்கள் பத்தி ஒரு புத்தகம் எழுதினார். எழுத்தர்களுக்கு அவர் சொன்ன காரணம் மூணு: ஓயாம உட்கார்ந்திருக்கிறது, கை ஒரே மாதிரி அசைஞ்சுக்கிட்டே இருக்கிறது, தப்பு வரக்கூடாதுங்கிற மன அழுத்தம். இறகுப் பேனாவுக்குப் பதிலா மவுஸ்னு மாத்திக்கோங்க, இன்னைக்கு ஐ.டி. ஆபீஸுக்கு அப்படியே பொருந்தும்.

பிசியோதெரபிஸ்ட் கேட்ட கேள்வி

வலி வந்த ரெண்டாவது வாரமே டாக்டர்கிட்ட போனேன். அவர் பிசியோதெரபிக்கு அனுப்பினார். என் நாற்காலி சரியான உயரம், மானிட்டர் கண் மட்டத்துல, மணிக்கட்டு நேரா. பிசியோதெரபிஸ்ட் மேடம் எல்லாத்தையும் கேட்டுட்டு, "ஆபீஸ் ஏற்பாடெல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. ராத்திரி சாப்பிட்டதுக்கு அப்புறம் என்ன பண்றீங்க?"ன்னாங்க.

"ரயில் செய்யுறேன் மேடம்."

"எதால?"

"மவுஸாலதான்."

அவங்க ஒரு தாள்ல எழுதினாங்க. ஆபீஸ்ல 8 மணி நேரம். வீட்டுல 3 மணி நேரம். சனி, ஞாயிறு 6, 7 மணி நேரம். "இது ஆபீஸ் மணி, இது ஆசை மணின்னு நீங்க பிரிக்கிறீங்க. கைக்கு ஒரே கணக்குதான் தம்பி"ன்னாங்க.

இந்த எபிசோட்ல ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கணும்னா அது இதுதான். பிடிச்ச வேலை செய்யும்போது மனசுக்கு ஓய்வு கிடைக்குது, அது உண்மை. ஆனா மனசுக்குக் கிடைக்கிற ஓய்வு முன்கைத் தசைக்குப் போய்ச் சேராது. நேரா உட்கார்றதும் நல்ல மவுஸும் ஒவ்வொரு கிளிக்கோட விலையைக் குறைக்கும். விலையைப் பூஜ்யமாக்காது.

என்னென்ன செஞ்சு பார்த்தேன்?

செங்குத்து மவுஸ் வாங்கினேன். மணிக்கட்டுக்கு நல்லா இருந்துச்சு, விரல் வேலை குறையல. பென் டேப்லெட் கொஞ்சம் உதவிச்சு. வொர்க்ரேவ்னு ஒரு இலவச மென்பொருள், இடைவேளை எடுக்கச் சொல்லி நினைவூட்டும். அதை இன்னைக்கும் வச்சிருக்கேன். இடது கைக்கு மாத்தினேன். சில வாரத்துல இடது கையும் வலிக்க ஆரம்பிச்சது. குரலால மெயில் எழுதலாம், ஆனா பான்டோகிராஃப் கம்பியை ரெண்டு மில்லிமீட்டர் நகர்த்துன்னு குரல்ல சொல்லி வேலை நடக்காது.

கடைசியில மிஞ்சினது கூட்டல் கழித்தல்தான். மொத்த மணி குறையணும். சம்பளம் தர்ற மணியைக் குறைக்க முடியாது. வீட்டு வாடகை, இ.எம்.ஐ. எல்லாம் இந்தக் கையை நம்பித்தான் இருக்கு. அதனால ஆசை மணி போச்சு. கடற்கரையில தொடங்கின என் பாதை சைதாப்பேட்டையோட நிக்குது. அடுத்து அடையாறு பாலம், கிண்டி, பரங்கிமலைன்னு பாதி தூரம் பாக்கி. ஃபைல் எல்லாத்தையும் இதே ஆர்வம் இருக்கிற ஒரு தம்பிகிட்ட கொடுத்துட்டேன். அவன் பாலத்தை அவன் இஷ்டப்படி கட்டுவான். என் மனசுல இருக்கிற பாலம் மாதிரி அது இருக்காது. அது கஷ்டமாத்தான் இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன். பழைய போட்டோ தேடிக் கொடுக்கிறது, எந்த ஸ்டேஷன்ல என்ன இருந்துச்சுன்னு பெரியவங்ககிட்ட கேட்டுச் சொல்றது, இதெல்லாம் இப்போ என் வேலை. அதுக்குக் கால் போதும், காது போதும்.

உங்களுக்கு

ஒரு வாரம் கணக்கு எழுதிப் பாருங்க. ஆபீஸ் மவுஸ், வீட்டு கேமிங், வீடியோ எடிட்டிங், போன்ல ரீல்ஸ் தள்ளுற கட்டைவிரல், எல்லாத்தையும் ஒரே பத்தியில எழுதி மொத்தம் போடுங்க. தனித்தனியா எழுதினா எதுவுமே அதிகமாத் தெரியாது.

விரல் மரத்துப் போகுது, ராத்திரி வலி எழுப்புது, டம்ளர் கைநழுவுது, ஓய்வு எடுத்தும் ஒண்ணு ரெண்டு வாரத்துல அடங்கலன்னா டாக்டரைப் பாருங்க. யூடியூப் பார்த்து நீங்களே பெயர் வைக்காதீங்க; மேல சொன்ன மாதிரி இதுல பல வகை, ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற. போகும்போது ஆபீஸ் வேலையை மட்டும் சொல்லாதீங்க. ராத்திரி சாப்பிட்டதுக்கு அப்புறம் என்ன பண்றீங்கன்னும் சேர்த்துச் சொல்லுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். இப்போதைக்கு மவுஸைக் கீழ வச்சுட்டு, ஒரு நிமிஷம் எழுந்து நடங்க.