ரப்பர்ப் பாலும் மின்சாரமும்

மலாக்காவில் 1896-இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். அதன்பின் அம்மாநிலத் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழர், ஆசிட் கலந்தால் பால் உறையும் என்பதை அனுபவத்தால் நன்கறிந்திருந்தனர். அது ஏன் உறைகிறது?

பாலிலுள்ள ரப்பர்த் துகள்கள் எதிர்மின்னேற்றம் உடையவை. ஆதலால் அவை ஒன்றையொன்று விலக்கித் தனித்து மிதக்கின்றன. ஆசிட் அவ்வேற்றத்தைப் போக்கவே, திரண்டு கட்டியாகின்றன.

ஏற்றத்தைப் போக்காமல், பாலில் மின்சாரம் செலுத்தினாலோ, துகள்கள் நேர்மின்வாயை நோக்கி நகரும். இடையே சவ்வு வைத்தால் அதனருகே அடர்ந்து, மேலெழுந்து கெட்டிப்பாலாகும். சுழலும் பொறி வேண்டுவதில்லை. மலாயாவில் இம்முறை தொழிலளவிலும் கையாளப்பட்டது.

துகள் நகராமல் நிலைத்திருந்தால்? அப்போது நீர் நகரும்! களிமண்ணில் மின்சாரம் செலுத்திய ராய்ஸ், நீர் எதிர்மின்வாய்ப் பக்கம் செல்வதை மாஸ்கோவில் கண்டு 1809-இல் வெளியிட்டார். களிமண்ணும் எதிர்மின்னேற்றம் உடையதே. அதையொட்டிய நீரில் நேர்மின் அயனிகள் மிகுதி. மின்சாரம் அவற்றை இழுக்க, அவை நீரையும் உடன் இழுக்கின்றன. மின்வாய்களை மாற்றினால் ஓட்டமும் திரும்பும்.

இன்று ஆய்வுக்கூடங்களில், மயிரிழையனைய கண்ணாடிக் குழாய்களில் அசையும் உறுப்பு எதுவுமின்றித் திரவம் ஓடுவது இவ்விதியால்தான். பால் ஸ்டோரில் ஆசிட் ஊற்றிய கைகள், பெயரறியாமலே அந்த மின்னேற்றத்தை அன்றாடம் ஆண்டுவந்தன.